கடவுளையும் நம்பவில்லை, கட்சியையும் நம்பவில்லை: பிறகு நேர்மை எதற்கு?

வாசகர் கடிதம் (சுருக்கம்):

எனக்கு 47 வயது. கடவுள் நம்பிக்கை இருபது வயதிலேயே போய்விட்டது. அதற்காக வருந்தியதில்லை. அந்த இடத்தில் அரசியல் வந்து உட்கார்ந்தது. ஓர் இயக்கத்துக்காக இளமை முழுவதையும் கொடுத்தேன். யாரைத் தலைவர் என்று நம்பினேனோ அவரே, நாங்கள் எதிர்த்து நின்றவர்களோடு பேரம் பேசிப் பதவி வாங்கிக்கொண்டார். கண்ணெதிரே நடந்த ஒரு குற்றத்துக்குச் சாட்சி சொன்னேன். வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டே போய், கடைசியில் ஒன்றும் இல்லாமல் முடிந்தது. இப்போது எதிலும் பிடிப்பு இல்லை. இரவில் தூக்கம் வருவதில்லை. கடந்த தேர்தலில் வாக்களிக்கவும் போகவில்லை.

அலுவலகத்தில் பில் சரிபார்க்கும் வேலை. பாதியில் நிற்கும் ஒரு வேலையை முடிந்ததாகக் காட்டும் பில்லில் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். மற்ற எல்லோரும் போட்டுவிட்டார்கள். மேலே இருப்பவர்களே இப்படி இருக்கும்போது நான் மட்டும் யோக்கியனாக இருந்து என்ன ஆகப்போகிறது என்று வாழ்க்கையில் முதல்முறையாகத் தோன்றுகிறது. போன மாதம் என் மகள் பரீட்சைத் தாளைக் கொண்டுவந்து காட்டினாள். ஆசிரியர் கூட்டியதில் ஆறு மதிப்பெண் அதிகமாக விழுந்திருந்தது. “சொல்லணுமாப்பா? யார் பார்க்கப்போறாங்க?” என்று கேட்டாள். கடவுள் பார்க்கிறார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நேர்மையாக இருந்தால் நாலு பேர் மதிப்பார்கள் என்று சொல்லவும் வரவில்லை. “உன் இஷ்டம்” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டேன். மதமும் இல்லாமல், நம்பத்தக்க அமைப்பும் இல்லாமல் ஒருவன் எதைப் பிடித்துக்கொண்டு நல்லவனாக இருப்பது?

மனநல ஆலோசகரின் பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

தத்துவக் கேள்வி கேட்டிருக்கிறீர்கள். அதற்குப் பதில் சொல்வதற்கு முன் வேறொன்றைப் பேச வேண்டியிருக்கிறது. நீங்கள் காயப்பட்டிருக்கிறீர்கள்.

வியட்நாம் போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்குச் சிகிச்சை அளித்த அமெரிக்க மனநல மருத்துவர் ஜோனதன் ஷே, 1990களில் ஒன்றைக் கவனித்து எழுதினார். அந்த மனிதர்களைப் பல ஆண்டுகளுக்குப் பிறகும் வாட்டியதில் போர்க்களப் பயத்துக்கு ஒரு பங்கு உண்டு. ஆனால் மற்றொன்று அதைவிட ஆறாமல் நின்றது. எந்த அதிகாரத்தை நம்பி உயிரைப் பணயம் வைத்தார்களோ, அந்த அதிகாரமே முக்கியமான நேரத்தில் நியாயத்தைக் கைவிட்டது என்ற அனுபவம் அது. தார்மிகக் காயம் என்று அதற்குப் பெயர் வந்தது. பிற்பாடு மருத்துவப் பணியாளர்களிடமும் இதே காயத்தை ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். யாரையும் நம்ப முடியாமல் போவது, கோபம் வற்றாமல் ஊறுவது, பிறகு கோபமும் போய் மரத்துப்போவது, மனிதர்களிடமிருந்து விலகிவிடுவது என்று அதன் முகங்கள் பல. உங்கள் கடிதத்தில் இவை எல்லாமே இருக்கின்றன.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. காயம் பட்ட மனம் எல்லாவற்றையும் ஒரே தீர்ப்பில் முடித்துவிடத் துடிக்கும். “அவர் ஏமாற்றினார்” என்பது “எல்லோரும் இப்படித்தான்” என்று ஆகி, அதிலிருந்து “எதற்கும் அர்த்தமில்லை” என்று வந்து நிற்கும். முதல் வாக்கியம் நடந்த உண்மை. மற்ற இரண்டும் வலி பேசுகிற பேச்சு. மூன்றையும் ஒரே எடையில் வைத்து உங்கள் வாழ்க்கையின் கொள்கையை இப்போதே முடிவு செய்துவிடாதீர்கள்.

இனி உங்கள் கேள்வி. உங்கள் ஒழுக்கத்தை இதுவரை இரண்டு தூண்கள் தாங்கிவந்தன, இரண்டுமே விழுந்துவிட்டன என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் சொன்ன விவரங்களை வைத்தே பார்த்தால் எனக்கு அப்படித் தெரியவில்லை. இருபது வயதில் கடவுளை விட்டீர்கள். அன்றிலிருந்து திருடத் தொடங்கினீர்களா? குற்றத்தைப் பார்த்துவிட்டுச் சாட்சி சொல்லப் போனீர்களே, அதைச் செய் என்று உங்கள் இயக்கம் சொல்லவில்லை, நீங்களாகத்தான் போனீர்கள். உங்கள் தலைவர் செய்தது துரோகம் என்று இன்று சொல்கிறீர்களே, எந்த அளவுகோலை வைத்துச் சொல்கிறீர்கள்? அந்த அளவுகோல் அவர் கொடுத்ததாக இருந்திருந்தால், அவர் மாறியபோது அதுவும் சேர்ந்து மாறியிருக்கும். அவர் பேரத்தையும் ஒரு தந்திரம் என்று நீங்கள் நியாயப்படுத்தியிருப்பீர்கள். அப்படி நியாயப்படுத்திக்கொண்டு இன்னும் அங்கேயே இருப்பவர்களை நீங்கள் அறிவீர்கள். உங்களால் முடியவில்லை. தராசு பிடித்த கை கோணியது என்பதால் எடைக்கல் பொய்யாகிவிடாது.

இது வெறும் ஆறுதல் பேச்சில்லை. லாரி நூச்சி என்ற உளவியலாளர், மிகுந்த மதப்பற்றுள்ள குடும்பங்களில் வளர்ந்த பிள்ளைகளிடம் கேட்டுப் பார்த்திருக்கிறார். “இதைச் செய்யக் கூடாது என்று கடவுள் சொல்லியே இருக்காவிட்டால், செய்யலாமா?” வழிபாட்டு நாளில் வேலை செய்வது போன்றவற்றுக்கு, விதி இல்லையென்றால் செய்யலாம் என்பதுபோல் பதில் வந்தது. ஆனால் திருடுவது, அடிப்பது என்று வந்தபோது, கடவுள் சொல்லாவிட்டாலும் அது தப்புதான் என்றார்கள். ஏன் என்று கேட்டால், “அவனுக்கு வலிக்குமே” என்பதுபோல எளிய காரணம் சொன்னார்கள். மதத்துக்குள்ளேயே வளர்ந்த பிள்ளைகளும் விதியையும் தீங்கையும் பிரித்துத்தான் வைத்திருக்கிறார்கள். சரி என்பதால் தெய்வங்கள் அதை விரும்புகின்றனவா, தெய்வங்கள் விரும்புவதால் அது சரியாகிறதா என்று இருபத்து நான்கு நூற்றாண்டுகளுக்கு முன் சாக்ரடீஸ் கேட்டதாகப் பிளேட்டோ எழுதியிருக்கும் கேள்வி இதே இடத்தில்தான் நிற்கிறது.

அறத்துக்கு இறுதி அடித்தளம் எது என்பதில் தத்துவவாதிகள் இன்னும் ஒத்துப்போகவில்லை. ஹியூம் மனிதனின் சக உணர்வைச் சொன்னார். கான்ட் பகுத்தறிவைச் சொன்னார். பெந்தாமும் மில்லும் விளைவைச் சொன்னார்கள். அந்த வழக்கு முடிந்த பிறகுதான் நல்லவனாக இருக்க வேண்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. அந்தப் பில்லை இவர்களில் யாரிடம் கொண்டுபோனாலும் கையெழுத்துப் போடு என்று சொல்ல மாட்டார்கள்.

ஆனால் “உங்கள் மனசாட்சி இருக்கிறது, அது போதும்” என்று சொல்லி நான் நிறுத்திக்கொள்ள மாட்டேன். போதாது. உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்த வரியும் அதைத்தான் காட்டுகிறது. “மேலே இருப்பவர்களே இப்படி இருக்கும்போது” என்று எழுதியிருக்கிறீர்கள்.

சைமன் கெக்டர், ஜோனதன் ஷூல்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2016-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 23 நாடுகளில் 2,568 பேர் கலந்துகொண்டார்கள், பெரும்பாலும் இளைஞர்கள். ஒவ்வொருவரும் தனியாக உட்கார்ந்து பகடையை இரண்டு முறை உருட்ட வேண்டும். முதலில் விழுந்த எண்ணை மட்டும் சொல்ல வேண்டும். சொல்லும் எண்ணைப் பொறுத்துப் பணம் கிடைக்கும். யாரும் பார்க்க மாட்டார்கள். உங்கள் மகள் கேட்ட கேள்வி அப்படியே சோதனையாக நடந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊழலும் வரி ஏய்ப்பும் தேர்தல் முறைகேடும் அதிகமுள்ள நாடுகளில், அந்தத் தவறுகளில் எந்தப் பங்கும் இல்லாத இளைஞர்களும் கூடுதலாகப் பொய் சொன்னார்கள். மேலே நடப்பது கீழே இறங்குகிறது. நீங்கள் உங்களுக்குள் உணர்கிற அரிப்பு கற்பனை இல்லை.

அதே ஆய்வில் நான் அடிக்கடி நினைத்துப் பார்க்கும் ஒரு விவரம் உண்டு. அப்பட்டமாக முழுப் பொய் சொன்னவர்கள் எங்குமே குறைவு. முறைகேடு மலிந்த நாடுகளில் வந்த பதில்கள், இரண்டு முறை உருட்டியதில் எது லாபமோ அதை “முதல் எண்” என்று சொன்னால் என்ன வருமோ அந்த அளவை ஒட்டி இருந்தன. அதாவது கண்ணால் பார்த்த எண்ணைத்தான் சொன்னார்கள், வரிசையை மட்டும் மாற்றிக்கொண்டார்கள். மனிதனுக்குத் தப்புச் செய்யவும் ஒரு சாக்கு தேவைப்படுகிறது. சாக்கு கிடைக்காத இடத்தில் பெரும்பாலானவர்கள் நின்றுவிடுகிறார்கள். மோசமான அரசியல் நம்மைக் கெடுப்பது இந்த வழியாகத்தான் என்று நான் நினைக்கிறேன். அது நமக்கு ஆசையைக் கொடுப்பதில்லை, சாக்கைக் கொடுக்கிறது.

ஆல்பர்ட் பண்டுரா என்ற உளவியலாளர் இந்தச் சாக்குகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். கொடியவர்கள் மட்டும் அல்ல, நல்லவர்களும் தங்கள் மனசாட்சியைத் தற்காலிகமாக அணைத்து வைக்கும் வழிகள் என்று அவற்றைப் பட்டியலிட்டார். பெரிய குற்றத்தின் பக்கத்தில் வைத்துத் தன் குற்றத்தைச் சிறிதாக்குவது அதில் ஒன்று. மேலிடம் சொன்னது, நான் வெறும் கருவி என்பது இன்னொன்று. எல்லோரும் போட்டார்கள், என் ஒரு கையெழுத்தால் என்ன என்று பொறுப்பைப் பலர் தலையில் பரப்பிவிடுவது மூன்றாவது. திருட்டுக்கு “அட்ஜஸ்ட்மென்ட்” என்று பெயர் வைப்பதும், பாதிக்கப்படுபவர்களை மனிதர்களாகப் பார்க்காமல் விடுவதும் உண்டு. உங்கள் அலுவலகப் பத்தியில் இவற்றில் மூன்று இருக்கின்றன. உங்களைக் குற்றம் சாட்ட இதைச் சொல்லவில்லை. நீங்கள் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. அந்த வாக்கியங்கள் உங்கள் வாயிலேயே வரத் தொடங்கியிருப்பதைக் கண்டு நீங்களே பயந்துதான் எனக்கு எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பயத்தை மதியுங்கள்.

அமைப்புகள்மீது கோபப்படுபவர்களுக்கு ஒரு கூடுதல் ஆபத்து உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். தினமும் மணிக்கணக்கில் செய்தி பார்த்து அரசியல்வாதிகளைத் திட்டும்போது நாம் நேர்மையின் பக்கம் நிற்பதுபோன்ற ஒரு நிறைவு கிடைக்கும். அந்த நிறைவு நம் பக்கம் எந்தச் செலவும் இல்லாமல் வருகிறது. என்னிடம் ஆலோசனைக்கு வருபவர்களில், நாட்டு நடப்பைப் பற்றி மிகக் கடுமையாகப் பேசுபவர்கள் சிலர் வீட்டில் சொன்ன சொல்லைக் காப்பாற்றாதவர்களாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். பெரிய அநீதியைப் பற்றிப் பேசியே அன்றைய அறக்கணக்கை முடித்துவிடுகிறார்கள். செய்தி பார்க்கும் நேரத்தைக் குறையுங்கள். உங்கள் தூக்கத்துக்கும் அது நல்லது.

மனிதர்கள்மீது நம்பிக்கை முழுதாகப் போய்விடக் கூடாது என்பதற்காக இன்னொரு ஆய்வையும் சொல்கிறேன். 40 நாடுகளில் 17,000-க்கும் மேற்பட்ட பணப்பைகளை, “கீழே கிடந்தது” என்று சொல்லி வங்கி, விடுதி, காவல் நிலையம் போன்ற இடங்களில் வரவேற்பில் இருப்பவர்களிடம் கொடுத்துவிட்டு வந்தார்கள். 2019-இல் முடிவு வெளியானது. பணம் இல்லாத பைகளில் சுமார் 40 விழுக்காட்டுக்கு உரியவரைத் தேடி மின்னஞ்சல் வந்தது. பணம் உள்ள பைகளில் அது 51 விழுக்காடு. பணம் இருந்தால் திருப்பித் தருவது குறையும் என்றுதான் பொதுமக்கள் கணித்திருந்தார்கள், பொருளாதார அறிஞர்களாலும் முடிவைச் சரியாகக் கணிக்க முடியவில்லை. 38 நாடுகளில் அது நேர்மாறாக நடந்தது. திருப்பித் தராவிட்டால் தாங்களே தங்களைத் திருடன் என்று நினைக்க வேண்டியிருக்கும் என்பது மனிதர்களைப் பிடித்து நிறுத்தியது. பிடிபட்டுவிடுவோம் என்ற பயத்தால் இதை விளக்க முடியவில்லை. தன் கண்ணில் தான் யாராகத் தெரிகிறோம் என்பது அத்தனை பலமுள்ளது.

ஹன்னா அரெண்ட் என்ற அரசியல் சிந்தனையாளர் இதைவிடக் கொடிய இடத்தில் இதே உண்மையைக் கண்டார். நாஜி அதிகாரி ஐக்மனின் விசாரணையை 1961-இல் ஜெருசலேமில் நேரில் பார்த்தவர் அவர். பிறகு எழுதும்போது, அந்த ஆட்சியோடு ஒத்துழைக்க மறுத்தவர்கள் யார் என்று யோசித்தார். கட்டுப்பாடும் மரியாதையுமாக வாழ்ந்த கனவான்கள் பலர் ஒரே இரவில் பழைய விதிகளைக் கழற்றிவிட்டுப் புதிய விதிகளை மாட்டிக்கொண்டார்கள். மறுத்தவர்களிடம் அவர்களைவிட உயர்ந்த விதித்தொகுப்பு எதுவும் இருக்கவில்லை. இதைச் செய்துவிட்டு நான் என்னோடு எப்படி வாழ்வேன் என்று மட்டும் அவர்கள் கேட்டுக்கொண்டார்கள். உங்கள் கடிதம் முழுக்க ஓடுவது இந்தக் கேள்விதான். ஆக, எதைப் பிடித்துக்கொள்வது என்றால், ஏற்கெனவே அதைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறீர்கள். கை தளர்வதுதான் பிரச்சினை. தளர்ந்ததற்குக் காரணம், நீங்கள் தனியாகப் பிடித்துக்கொண்டிருப்பது.

மதத்தை விட்டவர்கள் பலர் யோசிக்காத ஒரு பக்கம் இது. மதம் கடவுளை மட்டும் கொடுக்கவில்லை. வாரம் ஒருமுறையோ ஆண்டுக்குச் சில முறையோ நின்று தன்னைப் பார்த்துக்கொள்ள ஒரு நாளைக் கொடுத்தது. நான் தப்புச் செய்தேன் என்று சொல்ல ஓர் இடத்தையும், சொன்ன பிறகு எழுந்து நடக்க ஒரு வழியையும் கொடுத்தது. கூடவே நடக்கப் பத்துப் பேரையும் கொடுத்தது. உங்கள் இயக்கமும் உங்களுக்கு இதையெல்லாம் கொடுத்திருக்கும். கூட்டம், விவாதம், தோழர்கள், தன்விமர்சனம். நீங்கள் இழந்தது கொள்கையைவிட இவற்றைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. கொள்கை போனால் மனிதன் குழம்புவான், உண்மைதான். இவை போனால் தேய்ந்துபோவான்.

துணை எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஸ்டான்லி மில்கிராம் என்ற உளவியலாளரின் சோதனையைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. 1960களின் தொடக்கத்தில் யேல் பல்கலைக்கழகத்தில் நடந்தது. அடுத்த அறையில் இருப்பவருக்கு மின்னதிர்ச்சி கொடுங்கள் என்று ஒரு ‘விஞ்ஞானி’ சொல்லச் சொல்ல, 40 பேரில் 26 பேர் 450 வோல்ட் என்று குறித்திருந்த கடைசிப் பொத்தான்வரை அழுத்தினார்கள். அதிர்ச்சி உண்மையில் போகவில்லை, அது அவர்களுக்குத் தெரியாது. இந்த முடிவை எல்லோரும் சொல்வார்கள். அதே சோதனையின் இன்னொரு வடிவத்தில், பக்கத்தில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் “எங்களால் முடியாது” என்று விலகியதும், 40 பேரில் 4 பேர்தான் கடைசிவரை போனார்கள். மனிதர்களின் குணம் ஒரே நாளில் மாறிவிடவில்லை. மறுக்க முடியும் என்று பக்கத்தில் ஒருவர் காட்டினார், அவ்வளவுதான்.

எனவே உங்களுக்கு ஆட்கள் வேண்டும். ஆயிரம் பேர் வேண்டாம். நீங்கள் மதிக்கும் ஒருவர், உங்களிடம் உண்மையைச் சொல்லத் தயங்காத ஒருவர். பழைய தோழர்களில் உங்களைப் போலவே மனம் நொந்து ஒதுங்கியவர்கள் நிச்சயம் இருப்பார்கள். அவர்களும் வெட்கத்தோடு வீட்டுக்குள் இருக்கிறார்கள். கூப்பிடுங்கள். மாதம் ஒருமுறை உட்கார்ந்து பேசுங்கள். தலைவரைத் திட்டுவதற்காகப் போக வேண்டாம். இந்த மாதம் எங்கே சறுக்கினேன், எங்கே நின்றேன் என்று ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லப் போங்கள். தப்புச் செய்துவிட்டால் பாதிக்கப்பட்டவரிடமே போய் ஒத்துக்கொள்வது, முடிந்ததைச் சரிசெய்வது, பிறகு தன்னைத் தண்டித்துக்கொண்டே இருக்காமல் நகர்வது என்ற ஒழுங்கை மதம் இல்லாதவர்கள் தாங்களாகவே ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் ஒரு சறுக்கல் நடந்ததும் “நான் எப்படியும் கெட்டவன்தானே” என்று மொத்தமாக விட்டுவிடுகிறார்கள். பலர் விழுவது அங்கேதான்.

அமைப்புகளைப் பற்றி ஒன்று. அவை நம்பத் தகுந்தவையா என்று கேட்டால் நான் “முழுதாக இல்லை” என்றுதான் சொல்வேன். அவை மனிதர்கள் மனிதர்களைச் சந்தேகித்துக் கட்டியவை. ஒருவர் எழுதியதை இன்னொருவர் சரிபார்க்க வேண்டும், கீழே தீர்ப்பு தவறினால் மேலே முறையிட வேண்டும் என்ற ஏற்பாடுகள், எல்லோரும் நல்லவர்கள் என்ற நம்பிக்கையில் வந்தவை அல்ல. பில் சரிபார்க்கும் உங்கள் நாற்காலியே அப்படி ஒரு சந்தேகத்திலிருந்து பிறந்ததுதான். நீங்கள் அமைப்பை வெளியே நின்று பார்த்து ஏமாந்தவராக எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பில்லைப் பொறுத்தவரை அமைப்பு என்பது நீங்கள்தான். வாக்களிக்கப் போகாதது குற்றமா என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. ஆனால் நேசிக்கத் தக்க கட்சி கிடைத்தால்தான் போவேன் என்று காத்திருக்காதீர்கள். இருப்பவர்களில் குறைந்த தீங்கு செய்பவரைத் தேர்ந்தெடுக்கும் வேலைக்குப் பக்தி தேவையில்லை.

இப்போது கையெழுத்து. பெரிய வீரம் எதையும் உங்களிடம் நான் கேட்கவில்லை. குடும்பம் இருக்கிறது, வேலை போனால் என்ன ஆகும் என்பது உண்மையான பயம். சாக்ரடீஸின் வாழ்க்கையில் ஒரு சம்பவம் உண்டு. ஏதென்ஸை முப்பது பேர் கொடுங்கோலாட்சி செய்த காலத்தில், சலாமிஸைச் சேர்ந்த லியோன் என்பவரைக் கொல்வதற்காகப் பிடித்துவர வேண்டும் என்று ஐந்து பேருக்கு உத்தரவு வந்தது. அதில் சாக்ரடீஸும் ஒருவர். நான்கு பேர் போனார்கள். அவர் வீட்டுக்குப் போனார். அவ்வளவுதான் செய்தார். அந்த ஆட்சி சீக்கிரம் விழாமல் இருந்திருந்தால் அதற்கே தன் உயிர் போயிருக்கும் என்று அவர் பின்னால் சொன்னார். அதற்கு முன் மக்களாட்சி நடந்தபோதும் தளபதிகளைச் சட்டத்துக்குப் புறம்பாக விசாரிக்கும் தீர்மானத்தை அவர் எதிர்த்து நின்றிருக்கிறார். இரண்டு விதமான ஆட்சிகளும் அவரை ஏமாற்றின. இரண்டிலும் தன் கை எதில் படக் கூடாது என்பதில் மட்டும் அவர் உறுதியாக இருந்தார். செய்யாமல் இருப்பது என்பதே ஒரு முழு நிலைப்பாடு.

உங்கள் இடத்தில் அது இப்படி இருக்கலாம். கோபமாகப் பேச வேண்டாம், யாரையும் திருடன் என்று சொல்ல வேண்டாம். நீங்கள் நேரில் பார்த்ததை மட்டும் கோப்பில் குறிப்பாக எழுதுங்கள்: இன்ன தேதியில் பார்த்தபோது வேலை இந்த அளவில் இருந்தது, மீதி முடிந்ததற்கான ஆவணம் வந்ததும் சரிபார்க்கிறேன் என்று. வாய்மொழியாக அழுத்தம் வந்தால், “எழுத்தில் கொடுத்தால் வசதியாக இருக்கும்” என்று பணிவாகக் கேளுங்கள். பல விஷயங்கள் அந்த இடத்திலேயே நின்றுபோகும், எழுத்தில் கொடுக்க யாரும் விரும்புவதில்லை. அதற்கு முன் பணிவிதிகள் தெரிந்த ஒருவரிடம் தனியாக ஆலோசனை கேட்டுக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போட்டவர்களில் தயங்கிப் போட்டவர் ஒருவர் இருப்பார், அவரிடம் முதலில் பேசுங்கள். மில்கிராம் சோதனையில் பக்கத்தில் இருந்தவர்கள் செய்ததை நீங்கள் அவருக்குச் செய்யலாம்.

மேலதிகாரி மேசைக்கு முன்னால் நின்று அவசரப்படுத்தும்போது மட்டும் முடிவெடுக்காதீர்கள். 1973-இல் வெளியான ஓர் ஆய்வில், மதகுருவாகப் படித்துக்கொண்டிருந்த 40 மாணவர்கள் ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பப்பட்டார்கள். வழியில் ஒருவர் முனகியபடி சுருண்டு கிடந்தார். நேரம் இருந்தவர்களில் 63 விழுக்காட்டினர் உதவினார்கள். நேரமாகிவிட்டது என்று விரட்டப்பட்டவர்களில் 10 விழுக்காட்டினர்தான் நின்றார்கள். அவர்களில் சிலர் பேசப்போன தலைப்பே, வழியில் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியனின் கதை. நல்ல நம்பிக்கை உள்ளவர்களையும் அவசரம் தோற்கடிக்கும். “நாளைக்குச் சொல்கிறேன் சார்” என்ற மூன்று சொற்களை இப்போதே பழகி வைத்துக்கொள்ளுங்கள்.

மகளிடம் திரும்பிப் போங்கள். ஒரு மாதம் கடந்துவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். “உன் இஷ்டம்” என்று சொன்னது அவளுக்குச் சுதந்திரமாகப் பட்டிருக்காது. அப்பாவுக்கும் இதற்குப் பதில் இல்லை என்றுதான் பட்டிருக்கும். “அன்றைக்கு எனக்குச் சொல்லத் தெரியவில்லை, அதற்குப் பிறகு யோசித்துக்கொண்டே இருக்கிறேன்” என்று அப்படியே சொல்லுங்கள். பிறகு அவளிடம் கேளுங்கள்: ஆறு மதிப்பெண் குறைவாகக் கூட்டியிருந்தால் போய்ச் சொல்லியிருப்பாயா? கட்டாயம் சொல்லியிருப்பாள். அப்படியென்றால் கூட்டல் சரியாக இருக்க வேண்டும் என்று அவளும் நினைக்கிறாள், தனக்கு நஷ்டம் வரும்போது மட்டும் நினைக்கிறாள். அந்த இடைவெளியை அவளே பார்க்கட்டும். அவளைவிட ஒன்றிரண்டு மதிப்பெண்ணில் பின்னால் இருக்கும் பிள்ளை யார் என்றும் கேளுங்கள். யார் பார்க்கப்போகிறார்கள் என்று கேட்டாளே, முகம் இல்லாத அந்த விஷயத்துக்கு ஒரு முகம் வரும்.

சொன்னால் பரிசு தருகிறேன் என்று மட்டும் சொல்லாதீர்கள். வார்னெகன், டொமசெல்லோ என்ற ஆய்வாளர்கள், ஒன்றரை வயதுக் குழந்தைகள் யாரும் கேட்காமலே, அறியாத பெரியவர் கீழே தவறவிட்ட பொருளை எடுத்துக் கொடுப்பதை 2006-இல் காட்டினார்கள். இரண்டு ஆண்டு கழித்து வந்த அடுத்த ஆய்வில், உதவியதற்குப் பொருள் கொடுத்துப் பழக்கிய குழந்தைகள் பிறகு குறைவாகவே உதவினார்கள். தானாக இருப்பதைக் கூலியாக மாற்றிவிட வேண்டாம். அவள் கடைசியில் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தாலும் கோபிக்காதீர்கள், நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்பதைத் தெளிவாகச் சொல்லிவிட்டு அவளோடு இருங்கள். ஆசிரியரிடம் சொல்லப் பயமாக இருக்கிறது என்றால் கூடப் போங்கள். உங்கள் பில் கதையையும் அவளிடம் சொல்லலாம், முடிவு தெரிவதற்கு முன்பே சொல்லலாம். பெரியவர்களுக்கும் இது கஷ்டமாகத்தான் இருக்கிறது என்று தெரிந்தால் அவள் தன்னைக் கெட்ட பெண் என்று நினைத்துக்கொள்ள மாட்டாள்.

கடைசியாக உங்கள் தூக்கம். மரத்துப்போன உணர்வும் தூக்கமின்மையும் இன்னும் இரண்டு மூன்று வாரங்கள் இப்படியே நீடித்தால், ஒரு மனநல ஆலோசகரையோ மருத்துவரையோ நேரில் பாருங்கள். வாழ்வே வேண்டாம் என்பதுபோல எண்ணம் எப்போதாவது வந்தால் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டாம், அன்றே போங்கள், வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். ஆனால் கோப்பு விஷயத்தை அதற்காகத் தள்ளிப்போடாதீர்கள். முடிவெடுக்காமல் மேசையில் கிடக்கும் காகிதம்தான் இப்போது உங்களை அதிகம் விழிக்க வைக்கிறது என்று நினைக்கிறேன். இந்த வாரத்துக்குள் அந்தக் குறிப்பை எழுதிவிடுங்கள். என்ன நடந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.